உள்நாட்டு விமானத்தில் முதலாம் வகுப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் முதலாம் வகுப்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குளிரூட்டிய பெட்டி, இலக்கமிட்ட ஆசனம், கோட்டை நிலையம் வரும் வரையில் "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று எவரும் வந்து கேட்காத நிம்மதி, அவ்வளவுதான். அதே சொல்லை விமானத்தோடு சேர்த்துக் கேட்கும்போது மட்டும் நம்மவர்களின் மனதில் எழும் படம் வேறாகிவிடுகிறது. வளைகுடா நாட்டு விமானங்களின் விளம்பரங்களில் பார்த்த கதவுடைய சிறு அறையும், கால் நீட்டிப் படுக்கும் கட்டிலும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ "உங்கள் இருவருக்கும் உள்ளூர் விமானத்தில் முதலாம் வகுப்புப் போட்டிருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னால், பெற்றோர் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள், ஏறியதும் ஏமாந்தும் போகிறார்கள். மகளிடம் இரண்டு முறை போய்வந்த அனுபவத்தையும், அதன் பிறகு கொக்குவிலில் என் வீட்டு வாசலில் வைத்தே அயலவர்கள் கேட்ட கேள்விகளையும் கொண்டு இதனை எழுதுகிறேன்.

இங்கிருந்து புறப்படும்போது இந்த வகுப்பைக் காண வழியில்லை. பலாலியில் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. இடையில் கொரோனாவால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னைக்குப் பறக்கிறது, 2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளிக்கும் பறக்கிறது. ஓடுபாதை குறுகியது என்பதால் இங்கு வந்துபோகின்றவை ஏ.டி.ஆர் 72 என்ற, எழுபது எண்பது பேர் அமரும் விசிறி விமானங்கள். அவற்றில் முன்னால் இருந்து பின்னால் வரை ஒரே வகுப்புத்தான். ஆகவே யாழ்ப்பாணத்தவர் ஒருவர் உள்நாட்டு முதலாம் வகுப்பை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் வேறொரு நாட்டில், நெடும்பயணத்தின் களைப்போடு, அறியாத ஒரு விமான நிலையத்தில்தான்.

பெயரில் உள்ள குழப்பம்

உள்நாட்டு விமானத்துக்கு "முதலாம் வகுப்பு" என்ற பெயரை இன்றும் பரவலாக வைத்திருப்பது அமெரிக்காதான். அமெரிக்கன், டெல்ரா, யுனைடெட், அலாஸ்கா ஆகிய நிறுவனங்கள் தமது உள்நாட்டு விமானங்களின் முன்பகுதியை அப்படி அழைக்கின்றன. சவுத்வெஸ்டில் அந்த வகுப்பே கிடையாது. கனடாவில் எயார் கனடாவும் இந்தியாவில் எயார் இந்தியாவும் ஏறக்குறைய இதே ஆசனத்தை "பிசினஸ்" என்ற பெயரில் விற்கின்றன. இண்டிகோவும் 2024 நவம்பரில், டெல்லி மும்பைத் தடத்தில் தொடங்கி, "ஸ்ட்ரெச்" என்ற பெயரில் ஒரு முன்வரிசை வகுப்பைக் கொண்டுவந்தது.

பெயர் எதுவானாலும், சாதாரண ஒற்றை நடைபாதை விமானத்தில் நீங்கள் வாங்குவது ஓர் அகலமான சாய்வு நாற்காலியை. பின்பகுதியில் நடைபாதைக்கு இரு புறமும் மும்மூன்று பேர் அமரும் இடத்தில், இங்கே இரண்டிரண்டு பேர் அமர்கிறார்கள். ஆசனத்தின் அகலம் ஏறத்தாழ 21 அங்குலம். பின்னால் அது 17 அல்லது 18. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான தூரம் 37 அங்குலம் அளவில் இருக்கும். பின்னால் 30 அல்லது 31. நாற்காலி சாயும், ஆனால் கட்டிலாக விரியாது. கட்டிலாக விரியும் ஆசனங்களும் அமெரிக்காவில் உண்டு. நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலஸுக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ கண்டம் கடந்து போகும் சில விமானங்களில் அவற்றைக் காணலாம். அவற்றுக்குத் தனிப் பெயரும் தனி விலையும் இருப்பதால், சாதாரண முதலாம் வகுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு அதனை எதிர்பார்க்கக் கூடாது.

சிறிய நகரங்களுக்குப் போகும் எம்பிரேயர் 175 போன்ற சிறு ஜெட் விமானங்களில் முதலாம் வகுப்பு பன்னிரண்டே ஆசனங்கள்தான். அவை ஒரு பக்கம் ஒன்றும் மறு பக்கம் இரண்டுமாக அமைந்திருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த ஒற்றை ஆசனம் மிகவும் நல்லது. யன்னலும் அவருடையது, நடைபாதையும் அவருடையது, பக்கத்தில் எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தலைமேல் பெட்டகம் சிறியது. உருளைப் பெட்டி அதற்குள் போகாது, எதிர்ப்பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

வாங்குவதா, வேண்டாமா

என் அபிப்பிராயத்தில் இந்த வகுப்புக்குப் பணம் கொடுக்க மூன்று காரணங்கள் போதும்: முழங்கால், மூட்டை, முறிந்த உறக்கம். கொழும்பிலிருந்து வளைகுடா வழியாக நியூயோர்க் போய் இறங்கும்போது ஒருவர் ஏறத்தாழ ஒரு முழுநாளைக் கடந்திருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்ஸில் வந்த கணக்கு வேறு. அதன் மேல் டென்வர் போன்ற இன்னொரு அமெரிக்க நகரத்துக்கு நாலரை மணி நேரம், நடு ஆசனத்தில், இருவருக்கிடையில் நெருக்குண்டு இருப்பது எழுபது வயதுக்காரருக்குச் சிறிய துன்பமன்று. மாறாகச் சிக்காகோவிலிருந்து டெட்ராய்ட் போவது போன்ற, ஏறி அமர்ந்ததும் இறங்கச் சொல்லும் பயணத்துக்கு இந்தப் பணம் வீண்.

மூட்டைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலர் அதனை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்காரர் முதற் பொதிக்கே பணம் கட்ட வேண்டும். அது ஏறத்தாழ 35 முதல் 45 டொலர் வரை, இரண்டாவது அதனிலும் சற்றுக் கூட. பொதி 23 கிலோவைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் நூறு டொலர் அளவில் மேலதிகம். முதலாம் வகுப்பில், அமெரிக்கன், டெல்ரா, யுனைடெட் ஆகிய மூன்றிலும், ஒருவருக்கு 32 கிலோ வீதம் இரண்டு பொதிகள் கட்டணமின்றிப் போகும். பாரமான இரண்டு பெட்டிகளோடு போகிறவருக்கு இந்த ஒரு சலுகையே முந்நூறு டொலருக்குக் கிட்ட வந்துவிடும். இரு வகுப்புகளுக்கும் இடையிலான விலை வித்தியாசம் அதற்குள் அடங்குமானால் யோசிக்க எதுவுமில்லை. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், சீட்டு எடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்தே கணக்குப் போட வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கொழும்பிலிருந்து டென்வர் வரைக்கும் ஒரே பயணச்சீட்டாக எடுத்திருந்தால், பொதி அளவு பெரும்பாலும் சர்வதேசப் பயணத்தின் விதிப்படியே முழு வழிக்கும் கணக்கிடப்படும்; கடைசித் துண்டு முதலாம் வகுப்பு என்பதற்காக 32 கிலோ என்று நம்பிக் கட்டக் கூடாது. அதற்காக உள்நாட்டுத் துண்டைத் தனிச் சீட்டாக எடுத்தால், சர்வதேச விமானம் பிந்தி வந்து அடுத்ததைத் தவறவிடும்போது பொறுப்பெடுக்க எவரும் இருக்க மாட்டார்கள். முதன்முறை போகிறவர்கள் ஒரே சீட்டாக எடுத்து, பெட்டியை 23 கிலோவில் நிறுத்துவதே புத்தி என்பது என் முடிவு. மகளிடம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து இன்னொரு ஊருக்குத் தனியாகப் போகும் பயணத்துக்கு மேலே சொன்ன 32 கிலோக் கணக்கு பொருந்தும்.

சீட்டு எடுக்கும்போது

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் கொடுக்க வேண்டும். நம்முடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் இருப்பதால், பிள்ளைகள் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவதுண்டு. அந்த நாட்டு அடையாள அட்டை இல்லாதவருக்கு உள்நாட்டு விமானத்திலும் கடவுச்சீட்டே அடையாளம் என்பதால், அதனைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடக் கூடாது.

அடுத்ததாக, பயண விவரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே என்ன வகுப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "முதலாம் வகுப்பு" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு விற்ற சீட்டில், இரண்டு விமானங்களில் குறுகிய ஒன்றில் மட்டும் அந்த வகுப்பும், நான்கு மணி நேர விமானத்தில் சாதாரண வகுப்பும் இருப்பது அரிதன்று. அப்படிக் கலந்த சீட்டு என்பதைச் சிறிய எழுத்தில் எங்கேயாவது குறித்திருப்பார்கள். தவறு கண்டுபிடித்தால் உடனே செயற்பட வேண்டும். அமெரிக்காவுக்கோ, அமெரிக்காவுக்குள்ளோ போகும் விமானத்துக்கு, புறப்படும் நாளுக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கையில் விமான நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி இரத்துச் செய்யவோ, பணம் கட்டாமல் விலையை நிறுத்திவைக்கவோ அந்த நிறுவனம் இடம்கொடுத்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இடையில் உள்ள முகவரிடம் எடுத்த சீட்டுக்கு இந்த விதி கட்டுப்படாது. யாழ்ப்பாண நகரத்தில் முகவர் ஒருவரிடம் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன்னரே அவருடைய இரத்துக் கட்டணத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் முழுவதும் முதலிலேயே கொடுக்க வேண்டும் என்பதுமில்லை. சாதாரண வகுப்பில் எடுத்தவர்களுக்கு, முன்பகுதி ஆசனங்கள் மிஞ்சியிருந்தால், நிறுவனத்தின் செயலியில் மேலதிகப் பணம் கட்டி மாறிக்கொள்ளும் வாய்ப்புக் காட்டப்படும். அந்த விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். புறப்பட 24 மணி நேரம் இருக்கையில் செக்-இன் திறக்கும், அதற்குச் சற்று முன்பும் பின்பும் பார்ப்பது பயன் தரும். இருவர் சேர்ந்து போனால் மட்டும் இதனை நம்பியிருக்க வேண்டாம், ஏனென்றால் ஓர் ஆசனம்தான் மிஞ்சியிருக்கிறது என்று வந்தால், வீட்டுக்காரரா வீட்டுக்காரியா முன்னுக்குப் போவது என்ற வழக்கை விமான நிலையத்தில் தீர்க்க வேண்டிவரும்.

ஆசனத் தெரிவில் முதல் வரிசையை எல்லோரும் விரும்புகிறார்கள். நான் விரும்புவதில்லை. முன்னால் சுவர் இருப்பதால் கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது. மருந்தும் கண்ணாடியும் உள்ள பை, விமானம் ஏறி நிலைக்கும் வரையில் தலைக்கு மேலே போய்விடும். இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசை போதும். கால் வீக்கம் உள்ளவர்களும் அடிக்கடி எழும்ப வேண்டியவர்களும் நடைபாதைப் பக்கத்தை எடுக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு என்ற பெரிய விடயம்

உணவு எல்லா விமானத்திலும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 900 மைலுக்கு மேற்பட்ட பயணங்களில், உணவு வேளையில் மட்டுமே தட்டில் வைத்து உணவு தருகின்றன. நியூயோர்க்கிலிருந்து டென்வர் 1,600 மைலுக்கு மேல் என்பதால் உணவு உண்டு. குறுகிய பயணமானால் ஒரு கூடையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் உருளைக்கிழங்குச் சீவல், பிஸ்கட், சில வேளை வாழைப்பழம் இருக்கும்.

சைவ உணவு மட்டும் உண்கிறவர்கள், பயணத்துக்குச் சில நாட்கள் முன்பிருந்து 24 மணி நேரத்துக்கு முன்பு வரை, செயலியிலோ இணையப் பக்கத்திலோ உணவைத் தெரிவு செய்யலாம். அதைச் செய்யாமல் விட்டால், வண்டி உங்கள் வரிசைக்கு வரும்போது கோழி மட்டுமே மிஞ்சியிருக்கும். சிறப்பு உணவுக்கு நிறுவனங்கள் நான்கெழுத்துக் குறிகளை வைத்திருக்கின்றன, அவற்றை அறியாமல் நம்மவர்கள் படும்பாடு பெரிது. "இந்து உணவு" என்ற எச்.என்.எம்.எல் என்பதைக் கண்டதும், நமக்குரியது இதுதான் என்று அழுத்திவிடுவார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத, ஆனால் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ இருக்கக்கூடிய உணவு. எனக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில் கோழிக்கறி வந்தது. பதிவு செய்தவரைக் கேட்டால், "இந்து என்றுதானே போட்டேன்" என்றார். நாம் கேட்க வேண்டியது ஆசியச் சைவ உணவு என்ற ஏ.வி.எம்.எல். முட்டையும் பாலும் கூடாதென்றால் வி.ஜி.எம்.எல். வெறுமனே "வெஜிடேரியன்" என்று எழுதிய தட்டில் முட்டையும் பாற்கட்டியும் இருக்கலாம். இந்தக் குறிகளெல்லாம் எல்லா உள்நாட்டு விமானத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே விரதகாரர்கள் கையில் இரண்டு இடியப்பமோ புட்டோ கட்டிக்கொண்டு போவதே உறுதியான வழி. அதனைப் பாதுகாப்புச் சோதனையில் தடுக்க மாட்டார்கள். சம்பல் கெட்டியாக இருக்கட்டும், சொதியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பெட்டி கட்டுவதும் முதலில் இறங்கும் இடமும்

நல்லெண்ணெய், நெய், தேன், ஊறுகாய் எல்லாம் சோதனைக்காரருக்குத் திரவந்தான். கைப்பொதியில் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கொள்கலனில், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் அளவுப் பைக்குள் அடங்க வேண்டும். முதலாம் வகுப்பு என்பதற்காக இதில் ஒரு துளியும் தளர்வு இல்லை. அமெரிக்காவுக்குள் போகும் விமானத்தில் 350 மில்லிலீற்றர் கொள்ளளவுக்கு மேற்பட்ட தூள்களும் கைப்பொதியில் சிக்கலைத் தரும் என்பதால், வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

நீங்கள் முதலில் காலடி வைக்கும் அமெரிக்க விமான நிலையத்தில் குடிவரவும் சுங்கமும் முடியும். பெட்டி டென்வர் வரைக்கும் எழுதப்பட்டிருந்தாலும், நியூயோர்க்கில் அதனை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதே பொது நடைமுறை. பொதிகள் வரும் பட்டியில் பெட்டி சுற்றிக்கொண்டிருக்க, பலர் நேரே அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறார்கள். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். அவர்கள் அமெரிக்காவில் உள்ளூர்ப் பயணிகளைப் போலவே இறங்குவார்கள். வயதானவர்களுக்கு இந்த வழியை நான் விரும்பிச் சொல்வதுண்டு. எந்த வழியானாலும் கொண்டுபோகும் உணவு அனைத்தையும் அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், இறைச்சி கலந்த எதுவும் உள்ளே போகாது. பனங்கட்டி, பனாட்டு, எள்ளுப்பாகு போன்றவற்றை அறிவித்துக் கொண்டுபோகலாம். இரண்டு விமானங்களுக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துச் சீட்டு எடுங்கள்.

விமான நிலையத்தில்

உள்நாட்டு விமானங்களுக்குப் பொதி ஒப்படைப்பு பெரும்பாலும் 45 நிமிடங்களுக்கு முன்பும், விமானக் கதவருகே ஏற்றுவது 15 நிமிடங்களுக்கு முன்பும் நிறுத்தப்படும். முதலாம் வகுப்புக்காரருக்குத் தனியான ஒப்படைப்பு வரிசையும், பல இடங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னுரிமை வரிசையும் உண்டு. நம்மவர்கள் செய்யும் தவறு, கூட்டம் நிற்கும் இடத்தில் தாமும் போய் நிற்பது. போர்டிங் பாஸைக் கையில் எடுத்து, அறிவிப்புப் பலகையைப் பார்த்து, தெரியாவிட்டால் பணியாளரிடம் அதனைக் காட்டுங்கள். காட்டினால் அவரே வழிவிடுவார், கூச்சம் தேவையில்லை.

சக்கர நாற்காலி உதவிக்கும் வகுப்புக்கும் தொடர்பில்லை. அமெரிக்கச் சட்டப்படி அது எல்லோருக்கும் இலவசம். சீட்டு எடுக்கும்போதே கேட்டுவைத்து, முதல்நாள் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கு, நடக்க முடிந்தாலும் நீண்ட தூரம் நடப்பது கடினமானால், இதனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாற்காலியைத் தள்ளி வருபவருக்குச் சில டொலர்கள் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். விமானத்துக்குள் பணியாளர்களுக்கு அப்படிக் கொடுப்பதில்லை.

இனி லவுஞ் என்ற ஓய்வறை. கனடாவிலும் இந்தியாவிலும் உள்நாட்டு பிசினஸ் சீட்டோடு பொதுவாக ஓய்வறையும் சேர்ந்து வருகிறது. அமெரிக்காவில் உள்நாட்டு முதலாம் வகுப்புச் சீட்டுக்கு அது கிடையாது. கண்டம் கடக்கும் சில சிறப்புத் தடங்களிலும், அதே நாளில் நெடுந்தூரச் சர்வதேச பிசினஸ் பயணத்தோடு இணைந்த சீட்டிலும் மட்டுமே விலக்கு. இதனை நான் கற்ற விதம் அழகானதன்று. தேநீர் குடிக்கலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓர் ஓய்வறை வாசலுக்குப் போய், முதலாம் வகுப்பு என்று பெருமையோடு சீட்டை நீட்டினேன். வாசலில் இருந்த பெண் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற, கசங்கிய காற்சட்டை போட்ட ஓர் இளைஞன் ஏதோ அட்டையைக் காட்டி உள்ளே போனான். எந்தக் கடனட்டை எந்த வாசலைத் திறக்கும் என்பது அங்கே தனிச் சாத்திரம், பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பொது இருக்கையில் இருந்து வீட்டில் சுட்ட பயற்றம் பணியாரத்தைச் சாப்பிட்டோம்.

ஆசனத்தில் அமர்ந்த பின்

உதவி தேவைப்படுபவர்களை ஏற்றிய பிறகு முதலில் அழைப்பது இந்த வகுப்பைத்தான். தலைமேல் பெட்டகம் காலியாக இருக்கும் என்பதே முன்னால் ஏறுவதன் உண்மையான பயன். கம்பளிச் சட்டையை மட்டும் உள்ளே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், குளிர் அதிகம். மற்றவர்கள் உங்களைக் கடந்து பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே பணியாளர் வந்து குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார். தண்ணீர், பழரசம், மதுவகை எதற்கும் தனிப் பணம் இல்லை. இந்திய உள்நாட்டு விமானங்களில் எந்த வகுப்பிலும் மது பரிமாறப்படுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சில பணியாளர்கள் பயணிகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர்களின் பட்டியலில் உள்ளது குடும்பப் பெயர் என்பதால், நமக்கு அது தந்தையின் பெயராகிவிடும். வாழ்நாளில் விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்த என் ஐயாவின் பெயரைச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் தோடம்பழச் சாறு வேண்டுமா" என்று ஒருவர் கேட்டபோது, என்னைத்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

உணவு மேசையைத் தேடித் திகைக்காதவர் குறைவு. பின்பகுதியில் அது முன் ஆசனத்தின் முதுகில் இருக்கும். இங்கே பெரும்பாலும் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும். கைப்பிடியின் மேல்மூடியை விரலால் நெம்பித் திறந்தால், உள்ளே மடித்த பலகையின் விளிம்பு தெரியும். அதனை நேர்மேலே இழுத்து, மடிப்பக்கமாகச் சாய்த்து, பிறகு புத்தகத்தை விரிப்பதுபோல் விரிக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அது நகரும். திருப்பி வைக்கும்போது இதே ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பலவந்தம் பண்ணினால் விரல் நசியும். மேசை உள்ளே இருப்பதால் இந்தக் கைப்பிடி மேலே தூக்குப்படாது என்பதையும், இடுப்பு நோவுள்ளவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து எழும்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கழிவறை முன்புறம் உள்ளது, அளவில் பின்னாலுள்ளதைப் போலவே சிறியது. சில வேளைகளில் பணியாளர் ஒரு வண்டியை நடைபாதைக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் நின்றுகொள்வார். விமானி வெளியே வருகிறார் என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. அவ்வேளையில் எழுந்து முன்னால் போகாமல், இருந்த இடத்திலேயே பொறுத்திருக்க வேண்டும்.

விமானம் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டு, முன்பகுதி சிறிதாகி, உங்களைப் பின்னால் இருத்தினால் வாதாடி விமானத்தை விடவேண்டாம்; பழைய போர்டிங் பாஸையும் புதியதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த வகுப்புக்கு மாற்றப்பட்டவர் பயணம் செய்தாலும் விலை வித்தியாசத்தைத் திரும்பப் பெற அமெரிக்க விதிப்படி உரிமை உண்டு. அதனைப் பயண வவுச்சராகத் தர முயன்றால், பணமாகவே வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம்.

இறங்கிய பின்

முன்பகுதி முதலில் இறங்கும். முன்னுரிமைச் சீட்டு ஒட்டிய பெட்டிகளும் பொதுவாக முதலில் பட்டிக்கு வரும், எப்போதும் அல்ல. கட்டுநாயக்காவில் பழகியவர்களுக்கு இங்கே ஒன்று புதிதாக இருக்கும்: அமெரிக்க உள்நாட்டு விமானங்களின் பொதிப் பட்டி பல நிலையங்களில் வெளியார் தாராளமாக வந்துபோகும் மண்டபத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பட்டியருகிலேயே வந்து காத்து நிற்கலாம் என்பது வசதி. யாரும் எந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அதன் மறுபக்கம். ஆகவே பேரப்பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் அங்கேயே நின்றுவிடாமல், ஒருவர் பட்டியில் கண் வைத்திருக்க வேண்டும். எல்லாப் பெட்டியும் கறுப்பாகவே இருப்பதால், என் மனைவி பழைய கூறைச் சேலையின் கரையில் ஒரு முழம் கிழித்துப் பிடியில் கட்டிவிடுவார். அரக்கு நிறத்தில் சரிகை மின்ன அது தூரத்தில் வளைந்து வரும்போதே நமது பெட்டி என்று தெரிந்துவிடும்.